கிளியம்மாள் பேரில் மூன்று

கிளியம்மாள் கடைக்குள் நுழைவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். கையில் பை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பை இல்லாவிட்டால் விலை பேச வந்திருக்கிறாள். பை இருந்தால் எதையோ திருப்பித் தர வந்திருக்கிறாள். பொருள் வாங்குவதற்காக மட்டும் அவள் வந்த நாட்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கிபாயத்துல்லா பாய் வைத்திருந்த பாத்திரக் கடையில் நான் கவுன்டரில் நின்றவன். பக்தவச்சலம் என்றால் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். எவர்சில்வர், குக்கர், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் விற்றோம். ஆனால் அந்தக் காலத்தில் தாம்பரத்து ஜனங்கள் ஒரு கரண்டி வாங்கக்கூட மின்சார ரயில் ஏறி, தி.நகர் கடைகளுக்கென்று மாம்பலத்தில் போய் இறங்குவார்கள். இதைப் பார்த்துப் பொறுக்காமல் தொண்ணூற்றொன்றில் பாய் வாசலில் ஒரு போர்டு மாட்டினார். ‘தி.நகர் விலைக்கே தருகிறோம். பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறோம்.’

போர்டில் எழுதுவதை யாராவது அப்படியே எடுத்துக்கொள்வார்களா? ஜவுளிக் கடைக்காரர் அடக்க விலை என்று எழுதுகிறார், நாம் நம்பியா உள்ளே போகிறோம்? கிளியம்மாள் நம்பினாள். போர்டு மாட்டிய அதே வாரம் வந்து, நாங்கள் விற்கும் இட்லிப் பானை தி.நகர் ரங்கநாதன் தெருவில் பதினோரு ரூபாய் குறைவு என்றாள். வாய் வார்த்தையை எப்படி நம்புவது, எழுத்தில் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அத்தோடு தொலைந்தாள் என்று நினைத்தேன். மறுநாள் அந்தக் கடைக்காரரிடம் விலையை எழுதி வாங்கி, சீலும் குத்திக்கொண்டு வந்து நின்றாள். பானை வாங்காதவளுக்கு சீல் குத்திக் கொடுத்த அந்தப் புண்ணியவானை நான் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கிளியம்மாளுக்கு வீடு கடப்பேரியில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. லாரியில் லோடுக்குப் போன புருஷன் விஜயவாடாவோடு நின்றுவிட்டான், திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அவள் இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் பிழைத்தாள். மத்தியானம் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். முப்பது வீடுகளுக்கு அவள் மாவுதான். எங்கள் வீட்டு இட்லியும் அவள் மாவுதான். அதைச் சொல்லாமல் விட்டால் என் மனைவி ஜெயக்கொடி சண்டைக்கு வருவாள்.

இவ்வளவு வேலைக்கு நடுவில் அவள் எப்படி இத்தனை பொருளைத் திருப்ப வருகிறாள் என்று எனக்கு ஆரம்பத்தில் புரியவில்லை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஏழரை லிட்டர் குக்கர் எதற்கு? கேட்டபோது சாதாரணமாகச் சொன்னாள். அவளுடைய பொருள் எதுவும் இல்லையாம். மாவு வாங்குகிற வீட்டு அம்மாக்களுக்குக் கடையில் வந்து நின்று, இது சரியில்லை, மாற்றிக் கொடு என்று கேட்கக் கூச்சமாம். அதனால் மாவுத் தூக்கோடு பொருளையும் இவளிடம் கொடுத்தனுப்புகிறார்கள். காசு ஏதாவது வாங்குகிறாளா என்றால் அதுவும் இல்லை.

அந்த அம்மாக்கள் கூச்சப்பட்டதற்கு நானும் ஒரு காரணம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏன், என்ன குறை, வாங்கும்போது கண்ணு தெரியலையா என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்பது என் வழக்கம். ஆபீசர் வீட்டு அம்மாவும் டீச்சரம்மாவும் பாதிப் பேச்சிலேயே பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கிளியம்மாளிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. நான் எவ்வளவு சத்தமாகக் கேட்டாலும் அதைவிடச் சத்தமாகப் பதில் சொல்வாள்.

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் இதற்கு ஒரு முடிவு கட்டினேன். யோசனை என்னுடையது, மறைக்கவில்லை. ஒரு நீள நோட்டு. ஒரு பெயருக்கு ஒரு பக்கம். ஒரு வருஷத்தில் மூன்று தடவைதான் மாற்றலாம். நாலாவது தடவை கிடையாது. தி.நகர் விலை வேண்டுமென்றால் பொருள் வாங்கிய பில்லே வேண்டும், சீல் குத்திய துண்டுச்சீட்டு செல்லாது. யார் பொருளாக இருந்தாலும் கொண்டுவருகிறவர் பேரில்தான் எழுதுவோம். பாய் கொஞ்சம் தயங்கினார். போர்டு போட்டுவிட்டு இப்படிச் செய்யலாமா என்றார். செய்யாவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று நான் சொன்னதும் ஒரு சிவப்பு மைப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பொங்கல் முடிந்ததுமே பிடி தளர்ந்த ஒரு குக்கரோடு வந்தாள். ஒன்று. மார்ச்சில் ஒழுகுகிற மிக்ஸி ஜாடி. இரண்டு. ஜூனில் ஒரு ஹாட்பேக்கைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. பரிசாக வந்ததாம், வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறதாம், மாற்றி வேறு வேண்டுமாம். அதற்கு ஈடாக ஒரு டிபன் கேரியரை எடுக்க அரை மணி நேரம் மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். சாம்பார் வழியக் கூடாது, பிடி கையில் வெட்டக் கூடாது, தினம் வேலைக்குத் தூக்கிக்கொண்டு போகிற மனுஷனா இல்லையா என்று அவளே கேட்டு அவளே பதில் சொல்லிக்கொண்டாள். எரிச்சலோடு மூன்றாவது கோட்டைச் சிவப்பில் இழுத்துவிட்டு, இந்த வருஷத்துக்கு இனிமேல் இந்தப் பக்கமே வராதே அக்கா என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

செப்டம்பரில் வந்தாள். கையில் பை இல்லை. விலை பேசவும் வரவில்லை. கிரைண்டர் வாங்க வந்திருந்தாள். வலது தோள் தூக்க முடியாமல் போய், இனிமேல் குழவியைத் தொட்டால் கையே விளங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இரண்டு வருஷம் சீட்டு கட்டிச் சேர்த்த காசு. பாய் தானாகவே விலையில் கொஞ்சம் குறைத்தார். வீட்டில் வைக்க இடம் இல்லாததால் ஆட்டுக்கல்லைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். நான்தான் பில் போட்டேன்.

ஐந்தாம் நாள் பிற்பகல் மறுபடி வந்தாள். தூக்கில் கொஞ்சம் மாவு இருந்தது. விரலால் எடுத்து கவுன்டர் கண்ணாடியில் தடவினாள். சாம்பல் நிறம். நடுவில் பொடிப் பொடியாகக் கல். கிரைண்டர் கல் கரைந்து மாவில் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பது வீட்டில் பதினெட்டு வீட்டார் மாவைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்களாம். கடையில் வந்து ஒரு குக்கரைத் திருப்பக் கூச்சப்பட்ட அதே அம்மாக்கள்தான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, பக்கத்து வீட்டு ஆட்டுக்கல்லைக் கேட்டு வாங்கி, அந்தத் தோளோடு மறுபடி அரைத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு பெயருக்கு எத்தனை தடவை என்று அவள் நோட்டு போடவில்லை.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனி கேரண்டி மோட்டாருக்குத்தான், கல்லுக்கு இல்லை. மாற்றுவதானால் கடைதான் மாற்ற வேண்டும். நோட்டில் மூன்று கோடும் முடிந்துவிட்டது. போன வாரம்தான் ஒரு வாத்தியாருக்கு நாலாவது தடவை முடியாது என்று சொன்னதில், அவர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தார். இவளுக்கு மட்டும் எப்படிச் செய்வது? பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். கடைசியில் ஒரு வழி சொன்னேன். அந்த மூன்றும் உன் பொருள் இல்லை என்று எனக்கும் தெரியும், யாருடையது என்று பேரைச் சொல், ஒன்றை அடித்து அவர்கள் பேரில் எழுதிவிடுகிறேன், உனக்கு ஒரு தடவை மிச்சமாகும்.

கிளியம்மாள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“நம்பிக் குட்த்தாங்கோ தம்பி. பேரு சொல்ல மாட்டேன்.”

“ஒரே ஒரு பேரு, அக்கா. நான் போய் யாரையும் கேக்கப் போறதில்ல.”

“ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒன் நோட்டு ஒனக்கு, என் வாயி எனக்கு.”

இப்படி ஒரு பிடிவாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கிரைண்டர் இல்லையென்றால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. இன்னும் ஒரு வாரம் குழவியைச் சுற்றினால் தோளும் இல்லை. யாரோ ஒரு அம்மாளுக்கு மானம் போய்விடும் என்று இவள் வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொள்ளப் போகிறாளா? நல்லா அனுபவி என்று சொல்லி நோட்டை மூடிவிட்டேன். தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். கண்ணாடியில் அவள் தடவிய மாவை நான்தான் துடைத்தேன்.

மறுநாள் காலை ஜெயக்கொடி எனக்குச் சாதம் கட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சமாச்சாரத்தைச் சொல்லி, அந்தப் பொம்பளையின் திமிரைப் பார்த்தாயா என்று கேட்டேன். அவள் கேரியரின் மேல் அடுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். உடம்பு சரியில்லையா என்றேன்.

“மூணாவது நம்ம வீட்டு ஹாட்பேக்குங்க” என்றாள்.

எங்கள் பையனின் முதல் பிறந்தநாளுக்கு நாலு ஹாட்பேக் வந்தது. நாலும் எங்கள் கடையில் வாங்கியது. ஒன்றை மாற்றலாமா என்று அவள் கேட்டபோது, நான் நோட்டு வைத்து ஊரை விரட்டுகிற இடத்தில் என் பெண்டாட்டியே பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதா, காலடி வைத்தால் பார் என்று கத்தியிருந்தேன். கத்தியது எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை. கிளியம்மாளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மாற்றி வாங்கிய கேரியரை அண்ணன் கொடுத்தது என்று என்னிடம் சொன்னாள். மூன்று மாதமாக நான் அதில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைக் கவுன்டருக்குப் பின்னால், அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து.

ஜெயக்கொடியின் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கிளியம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் திரும்பத் திரும்ப வந்தது. உன் பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே புதுக் கிரைண்டரோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.

கடை திறந்ததும் பாயிடம் சொன்னேன். தனியாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு இருந்த அவமானத்தில் எல்லாரும் கேட்கிற மாதிரியே சொல்லித் தொலைத்தேன். நோட்டில் கிளியம்மாளின் பக்கத்தைத் திருப்பி மூன்றாவது கோட்டை அடித்து, புதுப் பக்கம் எடுத்து என் பெயரை எழுதினேன். பாய் நோட்டை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“கல்லு கரையுற சாமானுக்கு நோட்டு எதுக்குப்பா? அது நாம வித்தது” என்றார். “நேத்தே நான் சொல்லியிருக்கணும். நீ போட்ட ரூலுன்னு வாயை மூடிக்கினு இருந்தேன்.”

புதுக் கிரைண்டரை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி நானே கூடப் போனேன். கிளியம்மாள் பக்கத்து வீட்டு நடையில் இடது கையால் குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இறக்கி வைத்து, இரண்டு பிடி அரிசி போட்டு ஓட்டிக் காட்டினேன். மாவு வெள்ளையாக வந்தது. முதல் தடவையாக அவள் முன்னால் குரலைத் தாழ்த்தி, எனக்குத் தெரியும் அக்கா, ஜெயக்கொடி சொல்லிவிட்டாள், நானும் கடையில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன் என்றேன். நன்றி சொல்லாவிட்டாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“எல்லார் முன்னாடியுமா?” என்றாள்.

“ஆமாக்கா.”

“ஒன்ன யாரு சொல்லச் சொன்னது? அந்தப் பொண்ணு ஒன் கோவத்துக்குப் பயந்துகினு, கண்ல தண்ணியோட என் கைல குட்த்துச்சு. நானே வாயத் தொறக்கல. நீ கட்டின புருசன், கடையில நின்னுகினு ஊருக்கே சொல்லிட்டு வந்து கீற.”

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கிரைண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாதத்தோடு நோட்டைப் பாய் உள்ளே வைத்துவிட்டார். கடைப் பையன்கள் மட்டும் ரொம்ப நாள் விடவில்லை. நான் கேரியரைத் திறக்கும்போதெல்லாம் “பில்லு கீதா அண்ணா?” என்பார்கள். கிளியம்மாள் பழையபடி பையோடு வந்தாள், பழையபடி என் உயிரை வாங்கினாள். ஏன், என்ன குறை என்று கேட்பதை மட்டும் நான் நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நாளில் ஒன்றிரண்டு அம்மாக்கள் தாங்களே வர ஆரம்பித்தார்கள்.

அந்தக் குக்கரும் மிக்ஸி ஜாடியும் யார் வீட்டுடையவை என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். பாயும் போய்விட்டார், கடையும் கைமாறிவிட்டது, இப்போது சொன்னால் என்ன அக்கா என்று போன பொங்கலுக்குக்கூடக் கேட்டேன். மாவை அளந்து ஊற்றிக்கொண்டே, ஒனக்கு இன்னாத்துக்கு அது என்றாள். எரிச்சலாகத்தான் இருக்கிறது.