தினமும் ஈரல் தின்னச் சொன்னவர்

அந்த மாத்திரைகள் தேன் நிறத்தில் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எண்ணெய் அசைவது தெரியும். எங்கள் சூப்பர்வைசர் அவற்றைக் கோயில் பிரசாதம் போல உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். கும்மிடிப்பூண்டியில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நானும் என் தங்கையும் பேக்கிங் வேலை பார்த்தோம். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவோம். சூப்பர்வைசருக்குச் சத்து மாத்திரை விற்பது பக்கத் தொழில். வாங்குகிறவர்களுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கும். வாங்காதவர்கள் நின்றுகொண்டே சாக வேண்டியதுதான்.

தங்கைக்கு ரத்தம் குறைவு. ஒருநாள் வேலைக்கு நடுவே மயங்கி விழுந்தாள். அரசு மருத்துவமனையில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, கீரையும் வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஈரலும் சாப்பிடச் சொன்னார்கள். அது நல்ல யோசனைதான். ரத்தம் ஊற ஈரலைப் போல வேறொன்று இல்லை. இதைக் கேட்ட சூப்பர்வைசர் சிரித்தார். "வாரத்துக்கு ஒரு வாட்டியா? தெனமும் துன்னும்மா. கூட இந்த மாத்திரையும் போடு. நான் அப்படித்தான் துன்னுகினு கீறேன், என்னைப் பாரு!" என்று தோளைத் தட்டிக் காட்டினார். தங்கை நம்பினாள். கல்யாணமாகி நெடுநாள் கழித்து அவள் கருவுற்றபோது, "இப்போ ரெண்டு பேருக்குச் சேத்துத் துன்னணும்" என்று மாத்திரையையும் இரண்டாக்கினார்.

முதலில் தலைவலி வந்தது. பிறகு உதடு வெடித்தது, கைத்தோல் உரிந்தது, சீப்பில் முடி கொத்தாக வந்தது. மசக்கை என்று நினைத்தோம். ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. மருத்துவர் அம்மா மாத்திரை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இது வைட்டமின் ஏ. ஈரல்லயே இது ரொம்ப இருக்கு. மிஞ்சினது ஒண்ணுக்குல போயிடாதும்மா, உடம்புலயே தங்கிடும். வயித்துல புள்ளை இருக்கும்போது இவ்ளோ கூடவே கூடாது" என்றார். இதனால்தான் போயிற்றா என்று கேட்டேன். "இதனாலதான்னு சொல்ல முடியல. இல்லைன்னும் சொல்ல முடியல." அந்த இரண்டாவது வாக்கியம் போதுமானதாக இருந்தது எனக்கு.

வேலைக்குத் திரும்பிய அன்று வீட்டிலேயே ஆட்டு ஈரல் வறுத்து எடுத்துப் போனேன். மிளகு தூக்கலாகப் போட்டு, பொறுமையாக வறுத்தேன். மதிய இடைவேளையில், கேன்டீனில் எல்லாப் பெண்களும் உட்கார்ந்திருக்கும்போது, அவர் தட்டுக்கு முன்னால் அதை வைத்தேன். பக்கத்திலேயே அவர் விற்ற டப்பாவையும் வைத்தேன்.

"துன்னுங்க சார்."

"இன்னாம்மா இதெல்லாம்?"

"தெனமும் கொண்டாறேன். எங்க கண்ணு முன்னால ஈரலையும் துன்னுங்க, மாத்திரையும் முழுங்குங்க. என் தங்கச்சி துன்ன மாதிரியே."

அவர் முகம் வெளிறியது. தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்குக் கொலஸ்ட்ரால் கீதும்மா. ஈரலைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஒருத்தி எழுந்து தன் பையிலிருந்த டப்பாவை அவர் மேசையில் வீசினாள். பிறகு இன்னொருத்தி. மாத்திரைகள் சாம்பாரில் மிதந்தன. அதற்குள் விஷயம் மேலே போயிருந்தது. அந்த வாரமே அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

தங்கையின் உடம்பு தேற நாளாயிற்று. இன்று அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் ஈரல் வாங்கினால் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு துண்டுதான். தங்கை மட்டும் தொடுவதில்லை. அந்த வாசனைக்கே எழுந்து போய்விடுவாள்.

போன மாதம் மீஞ்சூர் ரயில் நிலையத்தில் அந்தச் சூப்பர்வைசரைப் பார்த்தேன். இளைத்துப்போய், ஒரு மருந்துப் பையோடு நின்றிருந்தார். அவராகவே வந்து பேசினார். "இன்னும் மனசுல வெச்சிக்கினு கீறியாம்மா? வயசாயிடுச்சி. மன்னிச்சிடும்மா."

"என்கிட்ட இன்னாத்துக்குக் கேக்குறீங்க? அஞ்சாம் மாசத்துல போச்சே, அதுகிட்டக் கேளுங்க சார்" என்றேன்.

ரயில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் ஏறாமல் அங்கேயே நின்றார். ஊர் வரும்வரை என் மனம் லேசாகவே இருந்தது. அதற்காக எனக்கு வெட்கமில்லை.