ஒடீலியாவைத் திருப்பி அனுப்பிய காலை

ஒடீலியா ஃபுர்ட்டாடோவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். குறை சொல்ல ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது நான்தான். எனக்கு அவள்மேல் வயிற்றெரிச்சல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை அசிங்கப்படுத்த வேண்டாம்.

இருபத்தேழு வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். அப்பா போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து இந்தத் துறைமுகத்தில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர். அவரிடமிருந்து அகலமான தோளும், எதற்கும் முன்கூட்டியே போய் நிற்கும் வியாதியும் அவளுக்கு வந்தன. பஸ் ஏழேகாலுக்கு என்றால் ஏழு பத்துக்கே முனையில் ஹாரன் அடிக்கும். வாயில் ரொட்டியோடு ஓடிவரும் பிள்ளைகளைப் பார்த்துத் தாய்மார்கள் அவளைத் திட்டுவார்கள். சாவு வீட்டுக்குக்கூட அவள் சொந்தக்காரர்களுக்கு முன்னால் போய் நாற்காலி விரித்துப் போடுவாள். பனிப்புயலில் ஒருமுறை பஸ் சிக்கிக்கொண்டபோது பத்தொன்பது பிள்ளைகளுக்கும் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த சாசேஜைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கதையை ஊரே சொல்லும். நான் மட்டும் சொல்லமாட்டேன். இப்போது சொல்லிவிட்டேன், போகட்டும்.

என் பெயர் நோரீன். நகர அலுவலகத்தில் மாடியில் இருக்கும் கவுண்டர் என்னுடையது. பிறப்பு, இறப்பு, கல்யாணம், நாய் வளர்க்க அனுமதி எல்லாம் என்னிடம்தான். ஒடீலியா பதினோரு வருஷம் என் வீட்டில் இருந்தாள். ஒரே படுக்கை, ஒரே சமையல். ஊருக்கு நான் சொன்னது, மேல் அறையில் வாடகைக்கு இருக்கிறாள் என்று. என் அண்ணனிடமும் அதைத்தான் சொன்னேன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் தன் அம்மா வீட்டு விருந்துக்குக் கூப்பிடுவாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எனக்குத் தலைவலி வரும்.

கடைசியில் ஒருநாள் சமையலறையில் நின்று கேட்டாள்: "நான் யாருடி உனக்கு?"

"கத்தாத. பக்கத்து வீட்டுல கேக்கும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ட்ரூடி வந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை. சத்தமாகச் சிரிப்பாள். சூப்பர் மார்க்கெட்டில், முட்டைக்கோஸ் அடுக்கியிருக்கும் இடத்தில், நாலு பேர் பார்க்க ஒடீலியாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இவளோடு பழகி மூன்றே வருஷம். என்னோடு பதினொன்று. கணக்கு யாருக்கு வேண்டும், எனக்கு எரிந்தது.

அப்புறம் எங்கள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் சட்டம் மாறியது. இரண்டாயிரத்து நாலு, மே பதினேழு, திங்கட்கிழமை. பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் கல்யாணத்துக்கு எழுதிக்கொடுக்கலாம் என்ற முதல் நாள். நான் எட்டு மணிக்குப் போனால் வரிசை மாடிப்படி இறங்கி வாசலைத் தாண்டி நிற்கிறது. தேவாலயத்துப் பெண்கள் காப்பியும் இனிப்பு ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மேலதிகாரி கார்டோசோ புது டை கட்டிக்கொண்டு பத்திரிகைக்காரனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். வரிசையில் முதல் ஆள் யார் என்று சொல்லவும் வேண்டுமா? விடியற்காலை நாலரைக்கே வந்து நின்றிருக்கிறாள். சாம்பல் நிற கோட்டு. பக்கத்தில் மஞ்சள் கவுனில் ட்ரூடி.

கதவைத் திறந்ததும் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"நல்லா இருக்கியா நோரி?"

"இருக்கேன். தாளெல்லாம் குடு."

கொடுத்தாள். பிறப்புச் சான்றிதழ் இருந்தது, ரத்தப் பரிசோதனைத் தாளும் இருந்தது. எங்கள் மாநிலத்தில் அப்போது கல்யாணத்துக்கு முன் ரத்தம் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அறுபது நாளைக்குத்தான் அது செல்லும். தேதியைப் பார்த்தேன். மார்ச் பதினொன்று. ஒடீலியா தன் வழக்கப்படி எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய்க் கையை நீட்டியிருக்கிறாள். ஒரு வாரம் தாண்டிவிட்டது.

அந்தத் தாள் அன்றைக்குத் தேவையே இல்லை. அன்றைக்கு விருப்பத்தை மட்டும் எழுதிக்கொடுத்தால் போதும். மூன்று நாள் கழித்துக் கல்யாண லைசன்ஸ் வாங்க வரும்போதுதான் ரத்தச் சான்று கேட்போம். பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

"இது செல்லாது. அறுபது நாள் தாண்டிருச்சு. புதுசா எடுத்துட்டு வாங்க" என்றேன்.

ட்ரூடியின் முகம் சுருங்கிப் போனது. "இன்னைக்கே முடியாதுங்களா? இவ ரெண்டு மாசமா தூங்கல."

"சட்டம்னா சட்டம்."

ஒடீலியா என்னைப் பார்த்தாள். பிறகு கவுண்டர்மேல் இருந்த என் கையைப் பார்த்தாள். "சரி, வா போலாம்" என்று ட்ரூடியின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு, அத்தனை பேரையும் தாண்டிப் படியிறங்கிப் போனாள். எனக்கு உள்ளுக்குள் தேன் குடித்தது மாதிரி இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

அடுத்து இரண்டு கிழவர்கள் வந்தார்கள். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், எழுதும்போதே சண்டை. "பொறந்த தேதிய ஒழுங்கா சொல்லுய்யா, இன்னைக்காவது வயச மறைக்காத" என்றார் ஒருவர். வரிசையே சிரித்தது. அவர்களுக்குப் பின்னால் வந்த இளம் பெண்கள், "ரத்தப் பரிசோதனை இன்னும் எடுக்கலையே" என்று கையைப் பிசைந்தார்கள்.

"பரவால்ல, லைசன்ஸ் வாங்க வர்றப்ப கொண்டு வந்தா போதும்" என்று என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

பின்னாலிருந்து கார்டோசோ கேட்டார். "அப்புறம் ஒடீலியா ஏன் திரும்பிப் போனா?"

பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

கார் நிறுத்துமிடத்தில் ட்ரூடியின் காருக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ட்ரூடி அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். ஒடீலியா இறக்கினாள்.

"அந்தத் தாள் இன்னைக்குத் தேவையில்ல. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"எனக்கும் தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"பதினோரு வருஷம் ராத்திரிச் சாப்பாட்டோட உன் ஆபீஸ் சட்டத்தத்தான தின்னேன்."

"பின்ன ஏன் வாயத் தொறக்கல? கார்டோசோவ கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீ ஏன் பொய் சொல்றேன்னு அவர் கேப்பாரு. அத்தன பேரு பின்னால நிக்கிறாங்க. நீ எனக்கு யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். அது உனக்குப் பிடிக்காதே நோரி."

தனக்கு வேண்டிய நாளை விட்டுக்கொடுத்து, என் பழைய பொய்யை எனக்காகக் காப்பாற்றியிருக்கிறாள். அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மேல வா" என்றேன். "ரெண்டு பேரும் வாங்க."

வரிசையைத் தாண்டி அவர்களை அழைத்துப் போனபோது முன்னால் நின்ற மீசைக்காரர் மறித்தார். "நாங்க என்ன மடையங்களா? இவங்க யாரு ஸ்பெஷலு?"

"காலையில முதல்ல வந்தவங்க. நான்தான் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன்" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. "இவ பதினோரு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவ. வாடகைக்கு இருந்தான்னு ஊர்ல சொல்லி வெச்சிருந்தேன். இன்னைக்கு இன்னொருத்தியோட வந்து நின்னா, எனக்குப் பொறுக்கல."

மீசைக்காரர் ஒதுங்கி நின்றார். காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண் அப்படியே நிறுத்திவிட்டாள். கார்டோசோ எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். ஒடீலியா மட்டும் என்னைப் பார்க்காமல் கவுண்டரின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனுவை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பெயர், முகவரி, அப்பா பெயர், அம்மா பெயர். அடுத்த கட்டத்தை எல்லாரிடமும் கேட்பதுபோல அவளிடமும் கேட்டாக வேண்டும்.

"இது உங்களுக்கு எத்தனையாவது கல்யாணம்?"

"முதல்" என்றாள் ஒடீலியா, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

பேனாவை அங்கேயே உடைத்துப் போடலாம் போல இருந்தது. முதல் என்று எழுதினேன். ட்ரூடியைக் கேட்டேன், அவளுக்கும் முதல். அதையும் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மீசைக்காரரைக் கூப்பிட்டேன்.