மேடத்தின் குரல்தான் சரியில்லை என்றேன்

அக்கா, இதை உன்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அக்கா ஜப்பானிய மொழி படித்து, பெரிய கம்பெனிக் கூட்டங்களில் மொழிபெயர்த்தாள். கூடத்தின் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, மேடையில் ஒருவர் பேசப் பேச அவளும் கூடவே பேசிக்கொண்டு போவாள். எல்லோரும் ஹெட்செட்டில் கேட்பார்கள். அந்த ஹெட்செட்டுகளுக்கு சார்ஜ் போடுவது, கொடுத்து வாங்குவது, ஒலி சரியாகப் போகிறதா என்று பார்ப்பது என் வேலை. அவள்தான் சொல்லி வாங்கித் தந்தாள். அங்கே அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவேன்.

அன்று விமான் நகர்ப் பகுதியில் ஒரு ஹோட்டல். ஊருக்கு வெளியே ரஞ்சன்காவில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் கூட்டம். ஜப்பானிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வழக்கமாகக் கூண்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பேசுவார்கள். ஒரு மணி நேரம்தான் என்பதால் அக்கா மட்டும்.

முந்தின நாள் ஹெட்செட் பெட்டியை சார்ஜில் போட மறந்திருந்தேன். காலையில் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இருந்தது. ஓடிவிடும் என்று நினைத்து, யாரிடமும் சொல்லவில்லை.

பாதியில் ஒலி விட்டு விட்டு வந்ததில், ஒவ்வொருவராக ஹெட்செட்டைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கூண்டுக்குள் இருப்பவளுக்குத் தன் குரல் வெளியே எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. என்னுடையது வயர் போட்ட ஹெட்போன். அதில் தெளிவாகத்தான் கேட்டது. ஜப்பான்காரர் ஒருவர் மைக்கை வாங்கி ஏதோ சொன்னார். அதையும் அவள்தானே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்? பேசுகிறவராகவே மாறி, 'நான்' என்றுதான் மொழிபெயர்ப்பார்கள். அவள் நிறுத்தாமல் சொன்னாள்: மன்னிக்கவும், இந்த மொழிபெயர்ப்பாளர் பேசுவது எனக்குப் பிடிபடவில்லை. என் காதுக்குள் அவள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

ஏற்பாடு செய்தவர் என் மேஜைக்கு ஓடி வந்து, மெஷின் சரியாக இருக்கிறதா என்று ஹிந்தியில் கேட்டார். "மெஷின் டீக் ஹை, சார்" என்றேன், நன்றாகத்தான் இருக்கிறது என்று. அதோடு விட்டிருக்கலாம். மேடத்தின் குரல்தான் இன்றைக்குக் கம்மியிருக்கிறது என்றும் சொன்னேன்.

திரும்பும்போது ரிக்ஷாவில் அக்கா கேட்டாள்.

"ஏண்டி, சார்ஜெல்லாம் போட்டிருந்தியா?"

"போட்டேன்க்கா."

"அப்ப என் தொண்டைதான். வயசாயிருச்சு போல" என்று சிரித்தாள். அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அன்றிலிருந்து தினமும் உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். போனில் பேசிப் பதிவு செய்து, "இப்ப எப்படி இருக்கு, கேளு" என்று என்னிடம் நீட்டுவாள். நல்லாருக்கு என்பேன். "நீ என் தங்கச்சி, அப்படித்தான் சொல்லுவ" என்பாள். அடுத்து வந்த இரண்டு கூட்டங்களை வேண்டாம் என்றாள். வீட்டிலேயே உட்கார்ந்து காகிதங்களை மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். நான் மட்டும் வேலைக்குப் போனேன்.

மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆறே நாளில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தேன். நினைவோடுதான் இருந்தாள். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

அம்மா அப்பாவுக்கு இன்னும் தெரியாது. என்னை மன்னிக்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. அவள் குரலில் ஒரு குறையும் இருந்ததில்லை, அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், என் அக்காவுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.