கையுறைக்குள் நுழையாத விரல்கள்

சிக்குன்குனியா பரவிய வருடம் நான் பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சர்ஜனாக இருந்தேன். கத்தி பிடிக்கப் பழகுவதற்காக மருத்துவக் கல்லூரியிலிருந்து மூன்று மேற்படிப்பு மாணவர்களை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். வந்த வாரமே மேலிடத்து உத்தரவும் வந்தது: எந்தத் துறை டாக்டரானாலும் காய்ச்சல் ஓ.பி.யில் உட்கார வேண்டும். ஆக, என் மாணவர்கள் காலையிலிருந்து மாலைவரை பாராசிட்டமால் எழுதும் அரிய கலையில் தேர்ச்சி பெற்றார்கள்.

முதலாமவன் மூன்றாம் நாளே காய்ச்சலில் படுத்தான். இரண்டாமவன் புத்திசாலி. அவசரமில்லாத ஆபரேஷன்களெல்லாம் தள்ளிப்போய்ப் பூட்டிக் கிடந்த தியேட்டரைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டான்.

"யாராவது தியேட்டரப் பாத்துக்கணும்ல சார்?"

தியேட்டர் எங்கும் ஓடிப்போகவில்லை. ஆனால் அங்கிருந்த கொசு அவனைப் பார்த்துக்கொண்டது. இல்லாத ஆட்களுக்கு டியூட்டி போடுவதுதான் நிர்வாகம் என்று அந்த மாதம் கற்றேன்.

மிஞ்சியவள் இறுதியாண்டுப் பெண். அவளிடம் தினமும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்குக் காய்ச்சல் வரும்வரை. காய்ச்சல் விட்டும் மூட்டுவலி விடவில்லை. விரல்கள் பிஞ்சு வாழைக்காய்போல வீங்கியிருந்தன. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். ஆனாலும் மேஜைக்குப் பின்னால் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன்.

அப்படி ஒரு மத்தியானம், எறையூர்ப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டும் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். குடலிறக்கம். இறங்கிய குடல் உள்ளே திரும்பாமல் இறுகிக்கொண்டுவிட்டது. தாமதித்தால் குடல் அழுகிவிடும்.

"திருச்சிக்கு அனுப்பிடலாமா?" என்றேன்.

"போய்ச் சேர்றதுக்குள்ள குடல் கறுத்துடும் சார். நான் பண்றேன். நீங்க பக்கத்துல இருங்க" என்றாள் அந்த இறுதியாண்டுப் பெண்.

இருந்தேன். ஏழு சைஸ் போடும் கைக்கு எட்டு சைஸ் கையுறையும் நுழையவில்லை. அதனால் வாயால் ஆபரேஷன் செய்தேன். "மெதுவா... அங்க இல்ல... ரத்தக்குழாய் இருக்கு, பாத்து..."

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "சார், கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

நர்ஸ் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. என் மேற்பார்வை அத்துடன் முடிந்தது. இறுக்கத்தை விடுவித்து, ஈரத்துணியால் குடலை மூடிவிட்டுக் காத்திருந்தாள். கருநீலமாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. எனக்குத்தான் முதலில் மூச்சு வந்தது.

நோயாளி வீட்டுக்குப் போகும் நாளில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ராசியான கை சார் உங்களுது!"

வலியில் கத்திவிட்டேன். "நான் இல்லம்மா, இந்த டாக்டர்தான் பண்ணினாங்க" என்று அவளைக் காட்டினேன்.

"இந்த நர்ஸம்மாவா? நல்லாருக்கணும் தாயி."

"சரிங்கம்மா. ஒரு மாசத்துக்கு அவர வெயிட்டு தூக்க விடாதீங்க" என்றாள் அவள். திருத்தக்கூட இல்லை.

கல்லூரிக்குத் திரும்புமுன், செய்த ஆபரேஷன்களைக் குறித்துவைக்கும் தன் பதிவேட்டை நீட்டினாள். 'மேற்பார்வையில் செய்தது' என்று எழுதியிருந்தாள். மேற்பார்வை! வெட்கமில்லாமல் கையெழுத்துப் போட்டேன், பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அடுத்த வாரம் கல்லூரி அலுவலகம் பதிவேட்டைத் திருப்பி அனுப்பியது: 'இது டாக்டரின் கையெழுத்துதானா? உறுதிப்படுத்தவும்.'