வெங்கிடுசாமி வாசலில் தங்கிய பஸ்

"சூரியன் வேணா நாளைக்கு மேக்க உதிச்சுட்டுப் போகட்டுமுங்க. இந்த பஸ்ஸு ராத்திரி எங்கூட்டு வாசல்லதான் ஹால்ட். காலைல முதல் சீட்டு எனக்குத்தான். எம் உசுரு இருக்கிற வரைக்கும் இது ரெண்டும் மாறாது."

இவ்வாறு பிரகடனம் செய்தவர் வளப்பூர் நாட்டில் ஓடைக்காடு என்னும் சிற்றூரைச் சேர்ந்த வெங்கிடுசாமி. வயது ஐம்பத்தெட்டு. மிளகு, குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி, கருத்துகள் ஆகிய மூன்றையும் விளைவித்து வந்தார். மூன்றாவதில் மட்டும் எந்த வருடமும் மகசூல் குறைந்ததில்லை.

கடைசி பஸ் சாயங்காலம் மலையேறி வந்து அவர் வாசலில் நின்றுவிடும். டிரைவர் பூபதியும் கண்டக்டரும் தூங்க, மிளகு மூட்டை அடுக்கக் கட்டிய அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். இந்தத் தியாகத்துக்கு ஈடாக, விடியற்காலை ஐந்தரை மணி வண்டியில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டு அவருடையது. மலைப்பாதையின் எழுபது வளைவுகளையும் அவர் பாடவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் இருபது வளைவு மிளகு விலை. அடுத்த இருபது சவ்வரிசி மில்காரர்களின் அட்டூழியம். மீதி முழுவதும் அரசியல். எதிர்த்துப் பேச நினைத்தவர்கள் அந்நேரம் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே அவர் எந்த விவாதத்திலும் தோற்றதில்லை.

அந்த பஸ்ஸில் வாந்தி வராத ஒரே ஆள் மாராயி. இரண்டு கிலோமீட்டர் மேலே, மேல்பாறையில் தனியாக இருக்கும் பெண். வெங்கிடுசாமிக்குப் பங்காளி முறையில் தங்கை. பலாக் காலத்தில் தினமும் பழங்களைத் தலைச்சுமையாக இருட்டில் இறக்கிக் கொண்டுவந்து, கீழே சந்தையில் ஒரு மூலையில் விற்பாள். எட்டு மணிக்குள் போய் உட்கார்ந்தால்தான் அந்த மூலை.

"பொம்பளைக்கு டிக்கெட் இல்ல, பலாப்பழத்துக்கு உண்டு" என்பார் கண்டக்டர்.

"மரம் பொட்ட மரமுங்க. பழம் மட்டும் எப்படி ஆம்பளையாச்சு?" என்பாள் மாராயி.

ஒருநாள் அவள் முதல் சீட்டைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனுங்ண்ணா, வியட்நாம் மொளகு வரைக்கும் பேசறீங்களே. இந்த பஸ்ஸு மேல்பாறையில வந்து ஹால்ட் ஆனா எனக்குச் சுமை மிச்சம். அதையும் ஒரு வார்த்தை பேசறது?"

"பேசலாம் ஆத்தா. அங்க வண்டி திரும்ப எடமெங்க இருக்குது? பஸ் என்ன ஆட்டுக்குட்டியா, தூக்கித் திருப்பி வெக்க?"

பஸ்ஸே சிரித்தது. மாராயி சிரிக்கவில்லை. மேல்பாறையில் ரோடு முடியும் இடத்தில் வண்டி திரும்பும் அளவுக்குச் சமநிலம் ஒன்று உண்டு. அதில் குச்சிக்கிழங்கு நின்றது. அந்தக் கிழங்குக் காட்டின் சொந்தக்காரர் முதல் சீட்டில் இருந்தார். இது எல்லோருக்கும் தெரியும். அவர் கொடுத்த அறையில் தூங்குகிறவர் ஓட்டும் வண்டியில் அதை எடுத்துச் சொல்வது நாகரிகமல்ல என்று எல்லோரும் நாகரிகமாக இருந்தார்கள்.

வண்டி கிளம்புமுன் மூன்று தடவை நீளமாக ஹாரன் அடித்து, ஒரு டீ குடிக்கும் நேரம் நிறுத்தி வைப்பது வழக்கம். இருட்டில் பாதி வழி இறங்கியிருக்கும் மேல்பாறைக்காரர்களுக்கு அதுதான் கடிகாரம். ஆனி மாதத்தில் ஒரு காலை, மூடுபனி. வெங்கிடுசாமி பூபதியிடம் மிளகு இறக்குமதியின் சூழ்ச்சியை விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கம் உச்சத்தில் இருந்தது. "எடுங்க பூபதி, பேசிக்கிட்டே போலாம்" என்றார். எடுத்தார். ஹாரனை இருவரும் மறந்தார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது வாசலில் மூன்று பலாப்பழங்கள், பழுத்து வெடித்து, ஈ மொய்த்துக் கிடந்தன.

"மாராயி வெச்சுட்டுப் போனா" என்றாள் அவர் மனைவி ருக்குமணி. "'அண்ணன் பேசிப் பேசித் தொண்ட காஞ்சிருக்கும், திங்கச் சொல்லுங்க'ன்னா."

"சந்தைக்குப் போகலியா?"

"ஒம்பதரை வண்டிக்குப் போயி என்ன பண்ண? இன்னும் ஒரு நா வராட்டி மூலைய வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு சந்தையில இருந்து போன் பண்ணிச் சொல்லிட்டாங்களாம்."

மூன்று நாள் அந்த வீட்டில் பலாப்பழம் தின்றார்கள். மூன்று நாளும் பஸ்ஸில் வெங்கிடுசாமி வாய் திறக்கவில்லை. உலகச் சந்தை கேட்பாரற்றுக் கிடந்தது. "உடம்புக்கு ஆகலீங்களா?" என்று பூபதி மெல்லக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் மண்வெட்டியோடு மேல்பாறை ஏறினார்கள். சத்தம் கேட்டு மாராயி வந்து நின்றாள்.

"கெழங்கு இன்னும் வெரல் தடிமன்கூட ஆகலீங்களே. ஏனுங்ண்ணா புடுங்கறீங்க?"

"பன்னித் தொல்லை."

"பக்கத்துல எங்காட்டுக்கு வராத பன்னி உங்காட்டுக்கு மட்டும் வருதுங்களா?"

"அரசியல் தெரிஞ்ச பன்னி ஆத்தா. போயி உம் வேலையப் பாரு."

மாராயி போகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த வரிசையில் குனிந்தாள். பொழுது சாய்வதற்குள் அந்தச் சமநிலம் ஒரு வண்டி திரும்பும் அளவுக்குக் காலியானது.

பஸ்ஸை மேல்பாறையில் நிறுத்தச் சொல்லி மனு போய், ஆள் வந்து, டேப் பிடித்து அளந்து, வரலாறு காணாத வேகத்தில் ஒரே மாதத்தில் உத்தரவு வந்தது. அதுவரை பூபதி ஓடைக்காடே சபிக்கும்படி ஹாரன் அடித்தார். மாராயி ஒரு நாளும் வண்டியைத் தவறவிடவில்லை. மேல்பாறையில் கோயிலை ஒட்டிய அறையைக் கூட்டிப் பெருக்கி, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பாய் போட்டார்கள்.

ஆடியில் ஒரு விடியற்காலை. வாசல் வெறுமையாக இருந்தது. வெங்கிடுசாமி துண்டைப் போர்த்திக்கொண்டு ரோட்டோரம் நின்றார். மேலிருந்து வெளிச்சம் இறங்கி வந்தது. ஏறினார். முதல் சீட்டில் மாராயி. பக்கத்தில் இரண்டு பலாப்பழம்.

"உக்காருங்ண்ணா, பழத்தைக் கீழ வெக்கறேன்."

"இருக்கட்டும். அடிபட்டுரும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி முதல் வளைவில் சாய்ந்தது. உருண்டு வந்த பழத்தை மறு கையால் பிடித்துச் சீட்டிலேயே அழுத்தி வைத்துக்கொண்டார்.