அண்ணனின் கடல் ரீல்கள்

இந்த நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி எழுத வேண்டும் என்று அண்ணி என்னிடம் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. "கூடப் பிறந்தவ நீ. உனக்குத்தான் அவரை முதல்ல இருந்து தெரியும்" என்றார்கள். எழுத உட்காரும்போதெல்லாம் ஏதோ ஒரு வேலையைச் சாக்கிட்டு எழுந்துவிட்டேன். அண்ணனின் நல்ல குணங்களை எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. அவற்றை மட்டும் எழுதிவிட்டு, நான் செய்ததை விட்டுவிட்டால் இந்தப் பக்கங்கள் பொய்யாகிவிடும். தாமதத்துக்கு அதுதான் காரணம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் தூத்துக்குடிக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா உப்பளத் தொழிலாளி. அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்கு ஆறு. ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பை முடித்த மறுமாதமே, ஒரு தகரப் பெட்டியோடு ஓசூருக்கு வந்து சேர்ந்தார். ஐந்து பேரோடு ஓர் அறையில் மூன்று வருடம் இருந்துவிட்டு, அதன் பிறகு அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். இந்த ஊர்க் குளிர் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. அம்மா படுக்கையை விட்டு எழும் முன்பே அண்ணன் வெந்நீர் வைத்துவிட்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்புவார்.

பர்கூரில் நான் இன்ஜினியரிங் படித்த நான்கு வருடமும், ஞாயிறுதோறும் பஸ் ஏறி விடுதிக்கு வந்து பார்ப்பார். அதிகம் பேச மாட்டார். "சாப்பாடு சரியா இருக்கா பாப்பா?" என்று கேட்பார். கொண்டுவந்த பையைக் கொடுப்பார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். என் கல்யாணம் முடிந்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். இவையெல்லாம் உறவினர்களுக்குத் தெரிந்தவைதான்.

அவருடைய ரீல்களையும் பலர் பார்த்திருப்பீர்கள். மாடியில் தகரக் கூரை போட்ட அறையில், பழைய வேட்டித் துணியில் தைத்த பைகளுக்குள் பதினொன்று இருந்தன. தூண்டில் கம்பில் பொருத்தி, நைலான் நரம்பைச் சுற்றிவைத்து, பெரிய மீன் இழுக்கும்போது விட்டுப் பிடிக்கிற கருவி அது. சிறு வயதில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்கள் கையில் அதைப் பார்த்து ஏங்கியிருக்கிறார். ஓசூரில் ஒரு பழைய இரும்புக் கடையில், பித்தளை எடைக்குப் போடப்பட்டிருந்த ஒன்று அவர் கண்ணில் பட்டது. அப்படித்தான் ஆரம்பம். அதன் பிறகு பெங்களூரின் பழைய சாமான் சந்தைகளில் தேடித் தேடி வாங்கினார். எல்லாமே ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய, கடல் மீன் பிடிக்கச் செய்த ரீல்கள். பச்சைக் களிம்பு ஏறி, பல் உடைந்து, சுற்றாத நிலையில்தான் வரும். புளிக்கரைசலில் ஊறவைத்துக் களிம்பை எடுப்பார். உடைந்த பல்சக்கரத்தை அளந்து, வெண்கலத்தில் புதிதாக லேத்தில் கடைந்துவிடுவார். உள்ளே பிரேக்காக இருக்கும் தோல் வாசரை, பழைய பெல்ட்டிலிருந்து வெட்டிப் போடுவார்.

இந்த வேலையில் அவருக்குத் துணை மஞ்சுநாத். பக்கத்துப் பாகலூர்க்காரர், அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலையில், கருவிகள் செய்யும் அதே டூல் ரூமில் கிரைண்டிங் மிஷின் பார்த்தவர், கன்னடக்காரர். அண்ணனைவிட ஐந்து வயது இளையவர். மர வேலை நன்றாகத் தெரியும் என்பதால், ரீல்களுக்குக் கைப்பிடி எல்லாம் அவர் கடைந்ததுதான். ஒரு ரீல் முடிந்தால் இருவரும் கெலவரப்பள்ளி அணைக்குப் போவார்கள், கழிவு நுரை மிதக்காத நாளாகப் பார்த்து. நரம்பில் ஈயக் குண்டை மட்டும் கட்டித் தண்ணீரில் எறிந்து எறிந்து பிரேக்கைச் சரிபார்ப்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் வந்து, "முள்ளே இல்லாம எந்த மீன் சாமி மாட்டும்?" என்று கேட்பார்கள். மஞ்சுநாத் அவர்களுடைய தெலுங்கில் ஏதோ பதில் சொல்லி அவர்களைச் சிரிக்கவைப்பார்.

அண்ணன் ஆசையாக வைத்திருந்தது, கறுப்புப் பக்கத்தட்டும் பித்தளை விளிம்பும் கொண்ட பெரிய ரீல். அதைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆனது. முடிந்ததும் மஞ்சுநாத்தை எங்கள் கடலோர ஊருக்கே அழைத்துப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய மஞ்சுநாத் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். அலைதடுப்புப் பாறைமேல் நின்று, கம்பை அவர் கையில் கொடுத்துவிட்டார் அண்ணன். கொஞ்ச நேரத்தில் பெரிய பாரை மீன் ஒன்று மாட்டியது. ரீல் சத்தமிட்டுச் சுழன்றது.

"அண்ணா, கை போயிடும் போல இருக்கு."

"இறுக்காத. விடு. ஓடி அலுக்கட்டும். அது நின்னதும் சுத்து."

இருபது நிமிடம் கழித்து மீன் மேலே வந்தது. மஞ்சுநாத் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் மீனைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு, அண்ணன் முதலில் ரீலைத்தான் எடுத்தார். நல்ல தண்ணீரில் கழுவி, கழற்றி, துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் போட்டார். "மீன் காத்திருக்கும். உப்பு காத்திருக்காது பாப்பா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன், அண்ணனும் அண்ணியும் கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தார்கள். மாடி அறைச் சாவி ஒன்று என்னிடமும் ஒன்று மஞ்சுநாத்திடமும் இருந்தது. அந்த வாரம் என் வீட்டுக்காரரின் ஆபீசில் எல்லோரும் குடும்பத்தோடு புதுச்சேரிக்குச் சுற்றுலா போனார்கள்; நாங்களும் போனோம். மச்சானின் ரீல்களைப் பற்றி அவர் அங்கே பெருமையாகப் பேசியிருந்தார். ஒன்று கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அண்ணனுக்குப் போன் போட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால் நான் போன் போடவில்லை. அந்தப் பெரிய ரீலை நான்தான் பையோடு எடுத்துக் கொடுத்தேன்.

கடற்கரையில் ஆளுக்கு ஆள் கைமாறி, ரீல் மணலில் விழுந்தது. அலை அதன்மேல் போனது. அறைக்குத் திரும்பியதும், "இதைக் கழுவணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கூட வந்திருந்தவர்களின் பிள்ளைகள் பசியில் அழுதுகொண்டிருந்தார்கள். "மேல துடைச்சாப் போதும்" என்று நான்தான் சொன்னேன். ஓசூர் வந்து, பையில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த அண்ணனுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் போல அவர் மாடி ஏறவில்லை. ஏறிய அன்று நானும் அங்கே இருந்தேன். அவர் பையைத் திறந்தார். கைப்பிடி அசையவில்லை. பக்கத்தட்டைக் கழற்றியதும் உள்ளே மணலும் களிம்பும். பித்தளையில் உப்பு குழி குழியாக அரித்திருந்தது. தோல் வாசர் அழுகியிருந்தது. மணலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "யார் எடுத்தா பாப்பா?" என்றார்.

நான் சொன்னது இது: "எனக்குத் தெரியலண்ணே. சாவி மஞ்சுநாத்கிட்டயும் இருந்துச்சே."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை.

அன்று மாலை மஞ்சுநாத்தை வரவழைத்தார். "நான் எடுக்கல அண்ணா" என்றார் அவர்.

"உள்ள கடல் மணல் கிடக்கு. பொய் சொல்லாத மஞ்சு. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

மஞ்சுநாத் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார். ஒரே டூல் ரூமில், அண்ணன் ஓய்வு பெறும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் மகன் கல்யாண வரவேற்புக்கு மஞ்சுநாத் வந்திருந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அண்ணன் எழுந்து போய் வரவேற்கவில்லை. "இவன்தான் ரீலைத் தூக்கிட்டுப் போனவன்" என்று நம் சொந்தக்காரர்கள் சிலர் அவர் காதில் படவே பேசினார்கள். சாப்பிடாமல் வெளியே வந்து அவர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றானது. இடைப்பட்ட நாள்களில் அந்த ரீலைத்தான் மறுபடியும் எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவார். கை நடுங்கும். திருகாணி கீழே விழும், நான் தேடி எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டு, "மஞ்சு இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றார்.

"வரச் சொல்லட்டுமாண்ணே?"

"அவனா வந்து, ஆமாண்ணா நான்தான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ரீல் போனதுல வருத்தம் இல்ல பாப்பா. பொய் சொல்லிட்டான்."

அதன் பிறகு அண்ணன் பதினொரு நாள் நினைவோடு இருந்தார். காலம் கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. பதினொரு நாளும் நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். மாத்திரை கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன், தலை வாரிவிட்டேன். தங்கையென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்டு அண்ணன் என் கையைத் தட்டிக்கொடுத்தார். இப்போது சொன்னால் அந்தக் கையை எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். அறுபத்தோரு வயதில், என்னை நம்பியபடியே அண்ணன் போய்விட்டார்.

மஞ்சுநாத் வந்தார். பாடையின் ஒரு கொம்பு அவர் தோளில் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பின், மாடி அறையில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா. உங்க வீட்டுக்காரர் வாட்ஸாப்புல போட்டோ போட்டிருந்தார். கையில அந்த ரீல். அன்னைக்கே பார்த்தேன். அண்ணனைக் கேட்டுத்தான் எடுத்திருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

"அப்ப ஏன் அண்ணன்கிட்ட காட்டல?"

"காட்டலாம்னு ரெண்டு தடவை இந்த வாசல் வரைக்கும் வந்தேன். பதினெட்டு வருஷப் பழக்கம். நான் எடுக்கலன்னு சொன்னா நம்பணும் இல்லையா? போட்டோ காட்டித்தான் நம்பவைக்கணும்னா எதுக்குன்னு திரும்பிட்டேன். எனக்கும் ரோஷம். இப்ப நினைச்சா, காட்டியிருக்கலாம்."

மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்டேன்.

"வாயால சொல்லிடலாம்மா. மனசுல இன்னும் வரல. ஒண்ணு பண்ணுங்க. அந்தக் கல்யாணத்துல என்னைப் பேசினவங்களுக்கெல்லாம் தெரியட்டும். அது போதும்."

இதைச் செய்ய எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் ஆகியிருக்கிறது. எழுதும் முன் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அரிந்துகொண்டிருந்த காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "எழுது. அவர் படிக்க மாட்டாரே, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். பதினொரு ரீல்களையும் மஞ்சுநாத்திடமே கொடுத்துவிட்டார்கள். எடுத்துச் சுற்றாமல் வைத்தால் எல்லாம் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி அவரும் வாங்கிக்கொண்டார். போன மாதம் அவற்றில் இரண்டை எடுத்துக்கொண்டு, அண்ணன் மகனோடு ஊர்க் கடலுக்குப் போய் வந்தார்.

அண்ணனின் நோய்க்காலத்தில் ரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், டயாலிசிஸ் நாள்களில் விடியும் முன்பே ஆட்டோவோடு வந்து நின்ற பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், அண்ணனைத் தன் தகப்பனைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர் பெண்ணுக்கும், ஊரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திரு. மஞ்சுநாத் அவர்களுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அண்ணியும் மகனும் சொல்கிறார்கள்.

இந்த மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது நீங்களாகப் போய்ப் பேசுங்கள். அவர் அந்த ரீலைத் தொடவில்லை. அண்ணனிடம் அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. சொன்னவள் நான்.

தங்கை