பலகையில் நான் வரைந்த சைனா இலை

இதை எழுத எத்தனையோ முறை நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். எடுத்த கையோடு அடுப்பில் ஏதாவது பொங்கும், இல்லாவிட்டால் யாராவது வாசலில் கூப்பிடுவார்கள். அதையே சாக்காக வைத்துப் பல வருஷங்களை ஓட்டிவிட்டேன். உண்மையான காரணம் வேலை இல்லை, பயம். அம்மன் ஆறவிட்டதை நானே மறுபடி கிளறிவிடுவேனோ என்ற பயம். இப்போது என் மூத்த பெண் காலேஜில் ஓவியம் படிக்கிறேன் என்று நிற்கிறாள். இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி உத்தரவு கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். நான் பன்னிரண்டாவதுதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் நான் குன்னூரில் ஒரு வாத்தியாரிடம் டிராயிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். லோயர் கிரேடு முடித்து ஹையர் கிரேடுக்குத் தயாராகிக்கொண்டிருந்த வருஷம். நான் வரைந்த பித்தளைக் குடம், குன்னூர் ரயில் நிலையம், மயில் மேல் முருகன் எல்லாம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கின்றன. வருகிறவர்கள் பார்த்து மெச்சுகிறார்கள். ஆனால் நீ வரைந்ததிலேயே எது உசத்தி என்று கேட்டால், அது அந்தச் சுவரில் இல்லை. ஜெகதளாப் பக்கம் எங்கள் ஊரில் தேயிலை எடை போடும் ஷெட்டில் தொங்கிய ஒரு தகரப் பலகைதான் அது.

தேயிலைக்கு விலை விழுந்திருந்த சமயம். அதுவரை எந்த இலையைக் கொண்டுபோனாலும் வாங்கிக்கொண்ட ஃபேக்டரிக்காரர்கள், இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் இலையையெல்லாம் வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உங்க அம்மிணி நல்லா வரையுதாமுங்க. நல்ல இலை இது, ஆகாத இலை இதுன்னு ஒரு பலகை எழுதிக் குடுத்தா ஷெட்டுல மாட்டிடலாம். சொன்னா எவனுக்கும் ஏற மாட்டேங்குது. பாத்தாவது தெரியட்டும்."

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏனுங்க, ஊரு வம்புல புள்ளைய எதுக்கு இழுத்து விடறீங்க?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா சிறு தோட்டக்காரர். எங்கள் இலையும் அந்த ஏஜென்ட் கையால்தான் எடை ஏற வேண்டும். யார் வரைந்தது என்று வெளியே சொல்லக்கூடாது என்று பேசிக்கொண்டு சம்மதித்தார்.

பலகையின் இடப்பக்கம் நல்ல இலை, பச்சையில் சரிக்குறி. அதை எங்கள் தோட்டத்திலிருந்தே பறித்து வரைந்தேன். வலப்பக்கம் முற்றிய இலை, சிவப்பில் பெருக்கல் குறி. அதற்குத்தான் போகக்கூடாத இடத்துக்குப் போனேன்.

எங்களுக்கு அடுத்த தோட்டம் ஒரு அத்தையுடையது. சொந்தம் இல்லை, கூப்பிடும் முறை அத்தை. புருஷன் இறந்துபோய் ஒற்றை ஆளாகக் காலம் தள்ளியவர். அந்தப் பள்ளத்தாக்கிலேயே அவர் தோட்டத்தில் மட்டும்தான் பழைய சைனாச் செடி. மற்ற செடிகளின் இலை அகலமாக, வழவழவென்று இருக்கும். சைனா இலை ஒடுங்கினது, கரும்பச்சை, ஓரமெல்லாம் ரம்பப் பல். அத்தைக்கு அப்போது காய்ச்சல் என்று ஒரு சுற்றுப் பறிப்பு தப்பியிருந்தது. இலை முற்றி நின்றது. எங்கள் செடியில் முற்றின இலை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பல்லும் நரம்பும் வரைகிறவள் கண்ணை இழுத்தன. அழகுக்காக எடுத்தேன். கேட்காமல் எடுத்தேன்.

மூன்று நாள் வரைந்தேன். பனித்துளி காய்ந்த தடம், நரம்பின் பின்னால் விழும் நிழல், புழு கடித்த ஓட்டை, ஒன்றையும் விடவில்லை. அதற்கு முன்பும் பின்பும் என் கை அப்படி ஓடியதில்லை. பலகையைப் பார்த்த ஏஜென்ட், "புடுங்கி ஒட்டி வெச்சாப்புல இருக்குதுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவாரம் அப்பாவோடு ஷெட்டுக்குப் போயிருந்தேன். அத்தை காய்ச்சல் தெளிந்து, முதல் சாக்கைக் கொண்டுவந்திருந்தார். ஏஜென்ட் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"இது ஆகாதுங்கக்கா."

"ஏனுங்க? கொழுந்தாப் பாத்துப் பாத்துப் பறிச்சதுங்க."

"பலகையப் பாருங்க, உங்க இலையப் பாருங்க. அக்கா தங்கச்சியாட்ட இல்ல?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "வேற ஊரு இலை கெடைக்காம உங்க ஊட்டு இலையவே படம் புடிச்சுட்டாங்களாட்ட" என்றது ஒரு குரல். அத்தை பலகைக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாக்கை இழுத்துப்போய், ரோட்டோரத்தில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கை உதறி மடித்தார். அவர் கொட்டியது கொழுந்துதான். இலை ஒடுங்கலாக இருந்தது, அவ்வளவுதான் குற்றம்.

அதன்பின் சைனா இலை வந்தாலே ஏஜென்ட் சாக்கைப் பிரிப்பதில்லை. விரலைப் பலகைப் பக்கம் நீட்டுவார்.

வீட்டில் அழுதேன். அப்பா சொன்னார்: "வாயத் தொறக்காத. நம்ம இலையும் அவன் தராசுக்குத்தான் போவோணும்."

ஒரு மாசம் போயிருக்கும். அத்தை இரண்டு நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து குங்குமம் கொடுத்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று அம்மா கேட்டாள். எங்கள் சனங்களுக்கு மலைக்குக் கீழே, சமவெளியில் ஒரு அம்மன் இருக்கிறாள். அநியாயம் நடந்தால் அங்கே போய், கல்லில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருவார்கள். அவள் நியாயம் கேட்பாள்.

"மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்தனுங்க" என்றார் அத்தை. "அந்தப் பலகைய எழுதுன கை யாருதுன்னு எனக்குத் தெரியாது. ஆத்தாளுக்குத் தெரியும். அந்தக் கை எரியட்டும்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்."

நான் அவருக்கு டீ நீட்டிக்கொண்டிருந்தேன். எந்தக் கையால் நீட்டினேன் என்பதைச் சொல்லவும் வேண்டுமா.

அன்றிலிருந்து என் வலது கையை நானே ஒரு பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். காலையில் கண் விழித்ததும் விரல்களை மடக்கி நீட்டுவேன். சூடாக இருக்கிறதோ என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். அந்தக் குளிரிலும் பச்சைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தேன். வகுப்பில் கோடு நடுங்கியது. "பரீட்சைக்கு இந்தக் கையோடவா போகப் போறே?" என்று வாத்தியார் கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், நான் கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன். ஒருநாள் சமையலுக்குப் பச்சைமிளகாய் நறுக்கினேன். கை தீயாக எரிந்தது. வந்துவிட்டது என்று சாமி படத்தின் முன்னால் விழுந்து அலறினேன். அம்மா ஓடிவந்து மோர் ஊற்றி, "மொளகா நறுக்குனா எரியாம குளுருமாடி?" என்று திட்டினாள். அவள் சொன்னது நியாயம். ஆனாலும் எரிந்தது மிளகாயா அம்மனா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த வாரமே அம்மா இன்னொரு சேதி கொண்டுவந்தாள். அத்தை சைனாச் செடியையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கேரட் போடப்போகிறார். திங்கட்கிழமை ஆள் வருகிறது. அவர் புருஷன் கையால் குழி எடுத்து வைத்த செடிகள் அவை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை விடியலில் மூடுபனிக்குள் அத்தையின் தோட்டத்துக்குப் போனேன். அவர் செடிகளுக்கு நடுவே சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"அத்தை, அந்தப் பலகைய எழுதுனது நானுங்க."

பனிக்குள் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"நீயா?" என்றார். "புழு கடிச்ச ஓட்டையக் கூட விடாம எழுதியிருந்தியே அம்மிணி. அதப் பாத்துட்டு ஒரு நிமிசம் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, தெரியுமா? நம்ம செடியக் கூட ஒருத்தர் இப்படி உத்துப் பாத்திருக்காங்களேன்னு. அப்பறம்தான் அந்தச் சிவப்புக் குறி கண்ணுல பட்டுச்சு."

நான் அழுதேன். "கையக் காட்டு" என்றார். காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் யார் மேல் பூசிவிட்டு வந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நான் பூசுனத நாந்தான் கழுவோணும். கீழ போய் எண்ணெய் ஊத்தி ஆத்தாளக் குளுர வெக்கோணும். ஆனா அதுக்கு முன்னாடி நீ எழுதுனத நீ அழிச்சுட்டு வா."

சனிக்கிழமை எடை நேரத்தில், ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே பெயின்ட் டப்பாவோடு ஷெட்டுக்குப் போனேன். பலகையை இறக்கினேன்.

"யாரக் கேட்டுத் தொடறே?" என்று ஏஜென்ட் கத்தினார்.

"இது நான் எழுதுனதுங்க. தப்பா எழுதிட்டேன். சைனா இலை சின்னது, முத்துனது இல்ல."

வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த வரிசையில் அப்பாவும் சாக்கோடு நின்றார். வாயைத் திறக்காதே என்று சொன்னவர். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அப்பா சாக்கை இறக்கி வைத்தார், கட்டை அவிழ்த்தார், உள்ளே துழாவி ஒரு காம்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா. நம்மளுதுலயே முத்துனது ஒண்ணு கெடக்குது. இத எழுது."

பெயின்ட் டப்பாவை அவரே பிடித்துக்கொண்டார். சைனா இலையை மூடி, சிவப்புக் குறியின் கீழே எங்கள் இலையை வரைந்தேன். சரிக்குறியின் கீழே, இருந்த இடத்தில் சைனாக் கொழுந்து ஒன்றைச் சேர்த்தேன். ஏஜென்ட் ஏதேதோ பேசினார். வரிசையில் முன்பு சிரித்தவர்கள் அன்று சிரிக்கவில்லை.

அன்று அத்தை கொண்டுவந்திருந்த சாக்கைப் பிரித்துப் பார்த்து, பாதியை எடுத்துக்கொண்டார் ஏஜென்ட். மீதியைத் திருப்பிவிட்டார். எங்கள் இலையை இரண்டு வாரம் தொடவே இல்லை. திங்கட்கிழமை ஆள் வந்தது. அத்தை மேட்டுச் செடிகளைப் பிடுங்கிக் கேரட் போட்டார், ரோட்டை ஒட்டிய வரிசைகளை மட்டும் விட்டு வைத்தார். பிறகு நாங்கள் இருவரும் பஸ்ஸில் கீழே போய் எண்ணெய்க் காப்பு சாத்திவிட்டு வந்தோம். போகும்போதும் வரும்போதும் அவர் என் வலது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

பரீட்சை பாஸானேன். ஆனால் இரண்டாவது முறை வரைந்த பலகையில் கோடெல்லாம் நடுக்கம். வாத்தியார் பார்த்திருந்தால் தள்ளியிருப்பார். நான் வரைந்ததில் உசத்தி, அந்தப் பெயின்டுக்கு அடியில் மறைந்துபோன முதல் இலைதான். அதில் ஒரு கோடுகூடப் பொய் இல்லை, அதை மாட்டிய இடம்தான் பொய். மிளகாய் நறுக்கும்போது இன்றும் கொஞ்சம் நின்று, அம்மனை நினைத்துக்கொண்டுதான் கத்தியை எடுக்கிறேன்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், முக்கியமாக வரையப் படிக்கும் பிள்ளைகளுக்கு. சொல்லும்போது அத்தையை வெறும் சாபம் விட்டவர் ஆக்காதீர்கள், என்னை நல்லவள் ஆக்காதீர்கள். முழுச் சாக்கையும் எடுத்துக்கொண்டார்கள் என்று முடித்துவிடாதீர்கள், பாதிதான் எடுத்தார்கள். உள்ள இலையை உள்ளபடி வரைந்து வேறு குறிக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி. எனவே என்னையும் அத்தையையும் நான் வைத்த இடத்திலேயே வைத்துச் சொல்லுங்கள்.